கொரோனா வேக்சின் ப்ராஜெக்ட்: ஸ்பைக் சீக்வன்ஸை எந்த டேட்டாபேஸ்லேர்ந்து எடுக்கணும்? என் ரிசல்ட் விசித்திரமா வருது

1. பயோகயல்

வணக்கம் எல்லாருக்கும். எம்எஸ்சி பயோஇன்ஃபர்மேடிக்ஸ் கடைசி வருஷம் படிக்கறேன், கொரோனா ஸ்பைக் ப்ரோட்டீன்ல (வைரஸ் செல்லோட ஒட்டற முள்ளு) பி செல் எபிடோப் (ஆன்டிபாடி பிடிக்கற இடம்), டி செல் எபிடோப் (டி செல் அடையாளம் காணற துண்டு) ரெண்டும் கண்டுபிடிச்சு வேக்சினுக்கு எது ஆகும்னு சொல்றதுதான் ப்ராஜெக்ட். பிடிபி-ல (ப்ரோட்டீன் ஸ்ட்ரக்சர் டேட்டாபேஸ்) 6விஎஸ்பி-ன்னு (6VSB) ஒரு என்ட்ரி, ஸ்பைக்னாலே எல்லா பேப்பர்லயும் அதான் வருது, அதோட ஃபாஸ்டா ஃபைலையே (சீக்வன்ஸ் எழுத்து இருக்கற ஃபைல்) டவுன்லோட் பண்ணி பெபிப்ரெட்ல (பி செல் எபிடோப்பை ஊகிக்கற டூல்) போட்டேன். டாப்ல வந்த ஒரு எபிடோப் சீக்வன்ஸோட கடைசில இருக்கு, அதுல எட்டு ஹிஸ்டிடின் வரிசையா நிக்குது! ஸ்பைக் 1273 அமினோ ஆசிட்னு படிச்சிருக்கேன், ஆனா என் ஃபைல்ல 1288 இருக்கு. அதோட 986, 987-ல லைசின் வாலின் வரணும், எனக்கு ரெண்டும் ப்ரோலினா வருது. ஃபைல் கெட்டுப்போச்சுன்னு மூணு தடவ டவுன்லோட் பண்ணிட்டேன், அதேதான். அடுத்த வாரம் ரிவ்யூ, கைடு கிட்ட கேக்க பயமா இருக்கு. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

2. மணிமாறன்_லேப்

தங்கச்சி, ஃபைல்ல ஒரு தப்பும் இல்ல. நீ எடுத்தது வைரஸ்ல இருக்கற ஸ்பைக் இல்ல, லேப்ல செஞ்ச ஸ்பைக். பிடிபி-ல இருக்கற சீக்வன்ஸ், அந்த ஸ்ட்ரக்சரை க்ரையோ-ஈஎம்ல (உறைய வச்சு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாக்கறது) பாத்தவங்க செல்லுக்குள்ள போட்டு செஞ்ச கன்ஸ்ட்ரக்ட்டோடது (மாத்தி வடிவமைச்ச ப்ரோட்டீன்). 1208 வரைக்கும்தான் ஸ்பைக், அதுக்கு மேல இருக்கற 80 அமினோ ஆசிட் அவங்க ஒட்டவச்சது. மூணு ஸ்பைக் சேர்ந்து நிக்கறதுக்கு ஃபோல்டான்னு ஒரு துண்டு, அப்பறம் ஒரு ப்ரோட்டியேஸ் வெட்டற இடம், அப்பறம் நீ பாத்த எட்டு ஹிஸ்டிடின், கடைசில ரெண்டு ஸ்ட்ரெப் டேக். இந்த டேக்லாம் ப்ரோட்டீனை காலம்ல பிடிச்சு சுத்தம் பண்ணி எடுக்கறதுக்கு. ஆக உன்னோட டாப் எபிடோப் ஒரு ப்யூரிஃபிகேஷன் டேக், அதுக்கு எதிரா ஆன்டிபாடி வந்தா கொரோனாவுக்கு ஒன்னும் ஆகாது. இத நீயே கவனிச்சு நிறுத்துன பாரு, அது பெரிய விஷயம்மா.

இன்னொன்னும் பாரு, 682-லேர்ந்து 685 வரைக்கும் என்ன இருக்குன்னு. வைரஸ்ல அங்க ஆர்ஜினின் ஆர்ஜினின் அலனின் ஆர்ஜினின், அதான் ஃப்யூரின் வெட்டற இடம். உன் ஃபைல்ல கிளைசின் செரின் அலனின் செரின்னு இருக்கும். ப்ரோட்டீன் ரெண்டா வெட்டுப்படக் கூடாதுன்னு மாத்தினாங்க.

அந்த ரெண்டு ப்ரோலினைப் பத்தி தனியா சொல்றேன், ஏன்னா வேக்சின் கதையோட உயிரே அங்கதான் இருக்கு. ஸ்பைக் ஒரு ஸ்ப்ரிங் மாதிரி, செல்லோட ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு ஷேப், ஒட்டினப்பறம் நீளமா விரிஞ்சு வேற ஷேப். நமக்கு வேணுங்கற நல்ல ஆன்டிபாடில பெரும்பாலானது முன்னாடி ஷேப்பைத்தான் பிடிக்கும், ஆனா தனியா செஞ்ச ப்ரோட்டீன் சும்மா இருக்காம பின்னாடி ஷேப்புக்குப் போயிடும். கொரோனா குடும்பத்து மெர்ஸ் வைரஸ் ஸ்பைக்ல 1060, 1061 ரெண்டுத்தையும் ப்ரோலினா மாத்தினா அந்த ஸ்ப்ரிங் விரியாம நிக்குதுன்னு மெக்லெல்லன், பார்னி கிரஹாம், ஆண்ட்ரூ வார்ட் இவங்க க்ரூப்லாம் சேந்து 2017-லயே காமிச்சிட்டாங்க. பழைய சார்ஸ்ல அதே இடம் 968, 969. 2020 ஜனவரில புது வைரஸ் சீக்வன்ஸ் வந்த உடனே அலைன்மென்ட் போட்டுப் பாத்தா அந்த இடம் 986, 987-ல வந்து உக்காந்திருக்கு. ஜனவரி 13-க்குள்ள மாடர்னா வேக்சினோட சீக்வன்ஸ் முடிவாகிடுச்சு. 6விஎஸ்பி ஸ்ட்ரக்சர் பேப்பர் வந்தது பிப்ரவரி 19, அதாவது ஸ்ட்ரக்சர் பாத்து வேக்சின் டிசைன் பண்ணல, டிசைன் முடிஞ்சப்பறம்தான் ஸ்ட்ரக்சரே வந்துச்சு. ஃபைசர், மாடர்னா, நோவாவேக்ஸ், ஜான்சன் நாலுலயும் இந்த ரெண்டு ப்ரோலின் இருக்கு. நம்ம ஊர்ல கோடிக்கணக்குல போட்ட கோவிஷீல்டுல இல்ல, அதுல இருக்கறது இயற்கையான ஸ்பைக்.

உனக்கு வேணுங்கறது யூனிப்ராட் (ப்ரோட்டீன் சீக்வன்ஸ் டேட்டாபேஸ்), என்ட்ரி பி0டிடிசி2. அதுல 1273-ம் சரியா இருக்கும்.

3. பயோகயல்

அண்ணா ரொம்ப ரொம்ப நன்றி!! மூணு மாசமா இந்த ஃபைலை வச்சுதான் வேல பாத்துட்டு இருந்தேன், இப்ப எல்லாம் திரும்ப ஓட்டணும், பரவால்ல. ஒரு சந்தேகம், யூனிப்ராட்ல ஒரு சீக்வன்ஸ்தான் இருக்கு, ஆனா ஜிசெய்ட்ல (வைரஸ் ஜீனோம் பகிர்ற டேட்டாபேஸ்) கோடிக்கணக்குல இருக்குன்னு சொல்றாங்க. இத்தன வேரியன்ட் வந்துடுச்சே, ஒன்ன மட்டும் எடுத்தா போதுமா?

4. தேன்மொழி_ஜீனோம்

கயல், அந்த ஒன்னு எங்கேர்ந்து வந்துச்சுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோ. ஜென்பேங்க்ல (அமெரிக்காவோட திறந்த சீக்வன்ஸ் டேட்டாபேஸ்) எம்என்908947, பேர் வூஹான்-ஹெச்யூ-1. ஷாங்காய்ல ஜாங் யோங்ஜென் டீம் பண்ண சீக்வன்ஸ், அவர் சம்மதிச்சதும் எட்வர்ட் ஹோம்ஸ் 2020 ஜனவரி 11 அன்னிக்கு எல்லாரும் பாக்கற மாதிரி இணையத்துல போட்டாரு. உலகத்துல நிறைய பேர் அதுலேர்ந்துதான் ஆரம்பிச்சாங்க, பிசிஆர் ப்ரைமர், வேக்சின்னு. அந்த அக்செஷன் நம்பர் பின்னாடி புள்ளி போட்டு ஒரு எண் இருக்கும், அது வெர்ஷன். முதல் வெர்ஷன்ல 30,473 எழுத்து, மூணாவதுல 29,903. முதல்ல அசெம்ப்ளி பண்ணும்போது கடைசிப் பக்கம் மனுஷ டிஎன்ஏ துண்டு கொஞ்சம் ஒட்டிட்டு வந்துடுச்சு, நோயாளியோட நுரையீரல்லேர்ந்து எடுத்த சாம்பிள்தானே, அப்பறம் திருத்தினாங்க. டேட்டாபேஸ்ல இருக்கறதுலாம் கல்வெட்டு இல்ல கயல், மாறும். அதனால வெர்ஷன் நம்பர் எழுதாம சீக்வன்ஸ் எடுத்தேன்னு மட்டும் ரிப்போர்ட்ல எழுதாத.

இப்ப வேரியன்ட். நான் இரண்டாம் அலை சமயத்துல ஒரு சீக்வன்சிங் லேப்ல இருந்தேன், பேர் வேணாம். ராத்திரி முழுக்க ரன் ஓடும், காலைல ஃபைல் பாத்தா நடுவுல என் (N)-ங்கற எழுத்தே வரிசையா நீளமா வரும். அந்த இடத்துல ரீட் (மெஷின் படிச்ச துண்டு) கிடைக்கலன்னு அர்த்தம், ஆர்டிக் ப்ரைமர் செட்ல (வைரஸ் ஜீனோமை துண்டு துண்டா பெருக்க உதவறது) ஏதோ ஒரு ஆம்ப்ளிகான் (பெருக்கற துண்டு) பெருகாம போயிருக்கும். நேர்மையா அத என்-னாவே விட்டுடணும். சில பைப்லைன் அந்த ஓட்டைல ரெஃபரன்ஸ் எழுத்தை வச்சு அடைச்சிடும், பாக்க முழுசா அழகா இருக்கும், ஆனா பொய். டெல்டாவுல இப்படித்தான் ஒரு பெரிய குழப்பம் வந்துச்சு. ஸ்பைக் 142-ல கிளைசின் போய் அஸ்பார்டிக் ஆசிட் வந்திருக்கணும், ஆனா மூணாம் வெர்ஷன் ஆர்டிக் ப்ரைமர்ல 72-ஆவது ஆம்ப்ளிகான் டெல்டாவுக்குச் சரியா வரல, அதனால ஏகப்பட்ட ஜீனோம்ல பழைய கிளைசின்னே பதிவாச்சு. பாக்கறவங்களுக்கு டெல்டால ஒரு பிரிவு பழைய நிலைக்குத் திரும்பிடுச்சோன்னு தோணும். வைரஸ் திரும்பல, நம்ம ப்ரைமர்தான் பாக்கல. நீ கன்சர்வேஷன் அனாலிசிஸ் (எந்த இடம் மாறாம இருக்குன்னு பாக்கறது) பண்ணப் போறல்ல, 142 மாதிரி ஒரு இடம் உன் எபிடோப்குள்ள வந்தா அது நிஜமா மாறாம இருக்கா இல்ல ப்ரைமர் மாத்திக் காட்டுதான்னு பாரு. என் (N) அதிகமா இருக்கற ஜீனோமெல்லாம் முதல்லயே தூக்கிடு.

5. திறந்தகதவு

ஜிசெய்ட் பத்தி ஒன்னு சொல்லியே ஆகணும். லாகின் வேணும், அக்ரிமென்ட்ல கையெழுத்து போடணும், டவுன்லோட் பண்ணத வேற எங்கயும் திரும்பப் போடக் கூடாது. ஒரு தொற்றுநோய் சமயத்துல இப்படி பூட்டி வைக்கறது சரியா? ஜென்பேங்க், ஐரோப்பால ஈஎன்ஏ, ஜப்பான்ல டிடிபிஜே மூணும் தினம் டேட்டா மாத்திக்கறாங்க, யாரும் எடுக்கலாம் யாரும் திரும்பப் போடலாம். மக்கள் வரிப்பணத்துல பண்ண சீக்வன்ஸ் எல்லாம் இப்படி திறந்த இடத்துலதான் போகணும். 2021 ஆரம்பத்துலயே நூத்துக்கணக்கான விஞ்ஞானிங்க இதைக் கேட்டு திறந்த கடிதம் எழுதினாங்க. நான் டேஷ்போர்டு ஒன்னு பண்ண நினைச்சு அந்த விதிமுறையாலயே நிறுத்திட்டேன், இன்னிக்கும் அந்தக் கோவம் இருக்கு.

6. தேன்மொழி_ஜீனோம்

உங்க கோவம் புரியுது, ஆனா அந்தக் கதவுக்கு ஏன் பூட்டு வந்துச்சுன்னும் பாக்கணும் சார். 2007 வாக்குல இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் சாம்பிள் குடுக்கறத நிறுத்திட்டாங்க. அவங்க மக்கள் செத்து எடுத்த வைரஸ், அத வச்சு வெளிநாட்டு கம்பெனி வேக்சின் செய்யும், அந்த வேக்சினை அவங்களாலயே வாங்க முடியாது. அதுல நியாயம் இல்லையா? அந்த சண்டைக்கு நடுவுலதான் 2008-ல ஜிசெய்ட் வந்துச்சு, டேட்டா குடுத்தவங்களுக்கு பேர் குடு, அவங்களையும் சேத்து வேல பாருன்னு. அந்த நம்பிக்கை இருந்ததாலதான் ஏழை நாட்டு லேப்லாம் தைரியமா போட்டாங்க.

அப்படிப் போட்டதுக்கு என்ன கெடச்சுச்சுன்னும் பாருங்க. 2021 நவம்பர்ல போட்ஸ்வானாவும் தென்னாப்பிரிக்காவும் ஓமிக்ரான் சீக்வன்ஸை எடுத்த சூட்டோட போட்டாங்க, சில நாள்லயே அவங்க நாட்டு விமானத்தையெல்லாம் நிறுத்திட்டாங்க. அவங்க போட்டதாலதான் வேக்சின் கம்பெனிங்க அந்த வாரமே வேலைய ஆரம்பிக்க முடிஞ்சுது. எனக்கு இப்ப நினைச்சாலும் மனசு கஷ்டமா இருக்கும்.

7. திறந்தகதவு

இந்தோனேசியா விஷயம் ஏத்துக்கறேன், அது நான் யோசிக்காத பக்கம். ஆனா நிர்வாகம் யார் கைல இருக்கு, யாருக்கு எப்ப ஆக்சஸ் வெட்டுவாங்கன்னு வெளிப்படையா இல்லாதது பிரச்சனைதான். 2023 மார்ச்ல வூஹான் மார்க்கெட் சாம்பிள் டேட்டா ஜிசெய்ட்ல தெரிஞ்சுது, எடுத்து அனாலிசிஸ் பண்ணவங்களுக்கே ஆக்சஸ் பிரச்சனை வந்துச்சு. அதே சமயம் திறந்த டேட்டாபேஸும் முழுசா காப்பாத்தாதுன்னு ஒத்துக்கறேன். என்சிபிஐ-ல (ஜென்பேங்கை நடத்தற அமெரிக்க அமைப்பு) போட்டுட்டு அனுப்பினவங்களே கேட்டு எடுக்கச் சொன்ன வூஹான் ஆரம்ப கால டேட்டாலேர்ந்து 13 சீக்வன்ஸை 2021-ல ஜெஸ்ஸி ப்ளூம் கூகுள் க்ளவுட்ல இருந்த காப்பிலேர்ந்து மீட்டு எடுத்தாரு.

நம்ம நாட்டுக்கு ஃபரீதாபாத்ல இந்தியன் பயாலஜிக்கல் டேட்டா சென்டர் 2022 நவம்பர்ல திறந்தாங்க. கொரோனா ஜீனோம் பாக்கற நம்ம லேப் கூட்டமைப்பு இன்சாகாக் ஆரம்பிச்சது 2020 டிசம்பர். அந்த ரெண்டு வருஷம் முன்னாடியே நமக்குன்னு ஒரு களஞ்சியம் இருந்திருக்கணும்ங்கறது என் ஆதங்கம்.

8. இம்யூனோ_ராஜா

கயல் தங்கச்சி டி செல் பக்கம் வராம பேச்சு வேற எங்கயோ போகுது, அதனால நான் சொல்றேன். ஐஈடிபி-ய (எபிடோப் டேட்டாபேஸ்) ப்ரெடிக்‌ஷன் டூல் இருக்கற சைட்டுன்னுதான் நம்ம பசங்க நினைக்கறாங்க. அதோட உண்மையான சொத்து டூல் இல்ல, அதுல இருக்கற எக்ஸ்பெரிமென்ட் ரெக்கார்டு. உக்காந்து ஒவ்வொரு பேப்பரா படிச்சு எந்த பெப்டைடு (ப்ரோட்டீன் துண்டு), எந்த ஹெச்எல்ஏ (டி செல்லுக்கு துண்டைக் காட்டற, ஆளுக்கு ஆள் மாறற ப்ரோட்டீன்), எந்த அஸே (சோதனை), பாசிடிவா நெகடிவான்னு பதிஞ்சு வச்சிருக்காங்க. நெகடிவும் இருக்குங்கறதுதான் அருமை, யாரும் பேப்பர்ல தலைப்பா போடாத விஷயம் அது.

2020 ஆரம்பத்துல புது வைரஸுக்கு எபிடோப்னு ஒன்னும் கிடையாது. அமெரிக்காவுல லா ஹோயா இம்யூனாலஜி இன்ஸ்டிட்யூட்ல அல்பா க்ரிஃபோனி, செட்டே டீம் என்ன பண்ணாங்கன்னா, 2003 சார்ஸுக்கு யார் யாரோ பண்ணி ஐஈடிபி-ல கெடந்த பழைய எபிடோப்பை எடுத்து, புது வைரஸ்ல அதே இடம் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு பாத்தாங்க, ரெண்டு ஜீனோமும் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஒத்துப்போகும். மார்ச்லயே பேப்பர் வந்துடுச்சு. அப்பறம் பெப்டைடு பூல் செஞ்சு குணமான 20 பேர் ரத்தத்துல பாத்தா எல்லார்கிட்டயும் சிடி4 (உதவி) டி செல் பதில் இருந்துச்சு, சிடி8 (நோய் பட்ட செல்லைக் கொல்றது) சுமார் 70 சதவீதம் பேர்கிட்ட. கொரோனாவே வராத காலத்துல, 2015-லேர்ந்து 2018 வரைக்கும் எடுத்து வச்சிருந்த ரத்தத்துலயும் 40 முதல் 60 சதவீதத்துல சிடி4 அசைஞ்சுது, சாதாரண சளிக் கொரோனாவோட ஞாபகமா இருக்கலாம்னு சொன்னாங்க. சார்ஸ் போயிடுச்சு, இனிமே எதுக்குன்னு 2005 வாக்குல ஃபண்டிங் குறைஞ்ச வேலை அது. அத யாரோ பொறுமையா டேட்டாபேஸ்ல ஏத்தி வச்சாங்க.

இப்ப ஒரு மனவருத்தம். மல்டி எபிடோப் வேக்சின் (பல எபிடோப்பை ஒட்டி கம்ப்யூட்டர்லயே வரையற வேக்சின்) பேப்பர் பாத்திருப்பீங்க. எல்லாத்துலயும் ஒரே டூல் வரிசை: வாக்ஸிஜென்ல 0.4-க்கு மேல, அலர்டாப், டாக்ஸின்ப்ரெட், ஜிபிஜிபிஜி லிங்கர், ஏஏஒய் லிங்கர், முன்னாடி ஒரு அட்ஜுவன்ட், டிஎல்ஆர்-4 கூட டாக்கிங், சி-இம்சிம், ஜேகேட்ல கோடான், கடைசில பிஇடி28ஏ ப்ளாஸ்மிட்ல வச்ச படம். வைரஸ் பேர மட்டும் மாத்தி அதே பேப்பர். டூல் செஞ்சவங்க மேல குறை இல்ல, டாக்ஸின்ப்ரெட் நம்ம ராகவா க்ரூப் செஞ்சது, நல்ல வேலை. ஆனா பத்து டூலோட ஊகத்தை ஒன்னுமேல ஒன்னு அடுக்கினா தப்பும் அடுக்கடுக்கா ஏறும், கடைசில ஒரு எலிக்குக்கூட போட்டுப் பாக்காம "வேக்சின் கேண்டிடேட்"னு எழுதறாங்க. அந்த வார்த்தை பெருசுங்க. வேக்சினுக்காக க்யூல நின்ன நாள நான் மறக்கல, எங்க மாமா ரெண்டாவது டோஸுக்கு முன்னாடியே போயிட்டாரு.

9. வெயில்_முத்து

ராஜா அண்ணே, மாமா விஷயம் கேட்டு வருத்தமா இருக்கு. ஆனா ஒரு விஷயம் சொல்லணும். எங்க காலேஜ்ல வெட் லேப்புன்னு பேருக்கு ஒரு ரூம், சென்ட்ரிஃப்யூஜ் ரிப்பேராகி ரெண்டு வருஷம். பெப்டைடு சிந்தசைஸ் பண்ண காசு யார் குடுப்பா? ஒரு லேப்டாப்பும் ஜியோ நெட்டும்தான் எங்ககிட்ட இருக்கு, பிடிபி, ஜென்பேங்க், ஐஈடிபி இதெல்லாம் காசில்லாம திறந்து வச்சதாலதான் எங்கள மாதிரி பசங்க ஹார்வர்டுல இருக்கறவன் பாக்கற அதே டேட்டாவ பாக்கறோம். வேக்சின் கேண்டிடேட்னு எழுதறது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா எலில போட்டியான்னு கேட்டா நாங்க எதுவுமே செய்யக் கூடாதுன்னு ஆயிடும்ணே.

10. இம்யூனோ_ராஜா

முத்து, நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி, நான் அப்படி எழுதினது தப்பு, மன்னிச்சுக்கோ. எலி இல்லாமலே நேர்மையா சோதிக்க வழி இருக்கு, அதத்தான் நான் முதல்லயே சொல்லிருக்கணும்.

கயலும் கேட்டுக்கோ. ப்ரெடிக்ட் பண்ண லிஸ்ட்ட எடுத்துட்டு ஐஈடிபி-ல அதே பெப்டைடு ஏற்கனவே டெஸ்ட் ஆகியிருக்கான்னு தேடு. சார்ஸ்-கோவ்-2-க்கு இப்ப ஆயிரக்கணக்குல ரெக்கார்டு இருக்கு. உன் ப்ரெடிக்‌ஷன்ல எத்தனை நிஜத்துல பாசிடிவ், எத்தனை நெகடிவ்னு கணக்கு போடு. அதுவே ஒரு ப்ராஜெக்ட், அதுவும் புது "வேக்சின்"விட உபயோகமான ப்ராஜெக்ட்.

ரெண்டாவது, ஹெச்எல்ஏ. உலகம் பூரா பண்ண எக்ஸ்பெரிமென்ட்ல ஏ*02:01-ங்கற வகைதான் (அலீல்) கூடுதல், ஏன்னா ஐரோப்பிய மக்கள்கிட்ட அது அதிகம். நம்ம ஊர்ல ஏ2 குடும்பத்துல 02:11-ம் நிறைய, அதுக்கு மேல 11:01, 24:02, 33:03 எல்லாம். அலீல் ஃப்ரீக்வன்சி நெட் டேட்டாபேஸ்ல தென்னிந்தியாவுக்கு என்ன இருக்குன்னு எடுத்து, அந்த அலீலுக்கு ஐஈடிபி-ல எவ்ளோ டேட்டா இருக்குன்னு பக்கத்துல வச்சுப் பாரு. அந்த இடைவெளியக் காமிச்சாலே போதும், இங்க உக்காந்திருக்கற நாமதான் அத எழுதணும், வேற யாரும் எழுத மாட்டாங்க.

11. மணிமாறன்_லேப்

பி செல் எபிடோப்புக்கு ஒரு சேர்க்கை. ஸ்பைக் மேல சர்க்கரை பூசியிருக்கும், ஒரு சங்கிலிக்கு 22 என்-கிளைக்கன் இடம், மூணு சேந்தா 66. சவுத்தாம்ப்டன்ல மேக்ஸ் கிறிஸ்பின் க்ரூப் 2020-லயே ஒவ்வொரு இடமா பாத்து எழுதிட்டாங்க. சீக்வன்ஸ மட்டும் பாக்கற டூலுக்கு இந்தப் போர்வை தெரியாது, மேல தெரியுதுன்னு சொல்ற இடம் சர்க்கரைக்கு அடியில கெடக்கும். யூனிப்ராட் என்ட்ரிலயே கிளைகோசிலேஷன் இடமெல்லாம் வரிசையா இருக்கு, உன் லிஸ்டோட ஒப்பிட்டுப் பாரு. அப்பறம் ஆக்ஸ்ஃபோர்டுல சார்லட் டீன் க்ரூப்போட கோவ்-ஆப்டாப்னு ஒரு டேட்டாபேஸ், கொரோனாவ பிடிக்கற ஆன்டிபாடி எல்லாம் எங்க பிடிக்குது, எந்த வேரியன்ட்ட பிடிக்குதுன்னு சேத்து வச்சிருக்காங்க.

கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி நிஜ வேக்சின் வராதான்னு சோர்ந்து போகாதீங்க. வாஷிங்டன் யுனிவர்சிட்டில கம்ப்யூட்டர்ல வரைஞ்ச நானோபார்ட்டிகிள், அதுமேல ஸ்பைக்கோட ஆர்பிடி (செல்லைப் பிடிக்கற பகுதி) 60 காப்பி ஒட்டியிருக்கும், ஸ்கைகோவியோன்னு 2022 ஜூன்ல தென்கொரியா அனுமதி குடுத்துச்சு. ஆனா அங்க கம்ப்யூட்டர்ல வரைஞ்சதோட நிக்காம லேப்லயும் செஞ்சு பாத்தாங்க, வருஷக்கணக்கா தோத்து தோத்து வந்த இடம் அது.

12. பயோகயல்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரிவ்யூ முடிஞ்சுது. கைடு கிட்ட நடந்தத அப்படியே சொல்லிட்டேன், திட்டுவாங்கன்னு நினைச்சேன், "டேக் வந்திருக்குன்னு நீயா கண்டுபிடிச்சியா"ன்னு கேட்டுட்டு அந்தக் கதையவே முதல் சாப்டர்ல எழுதச் சொல்லிட்டாங்க.

யூனிப்ராட் சீக்வன்ஸ் வச்சு திரும்ப ஓட்டினேன், பழைய டாப் லிஸ்ட்ல டேக்ல வந்ததெல்லாம் போயிடுச்சு, ஃப்யூரின் பக்கம் வந்த ஒன்னும் மாறிடுச்சு. கிளைக்கன் பாத்ததுல இன்னும் ரெண்டு போச்சு. மல்டி எபிடோப் பகுதிய முழுசா எடுத்துட்டேன். முத்து அண்ணா சொன்னது மனசுல நின்னுச்சு, ராஜா அண்ணா சொன்ன மாதிரி ஐஈடிபி நெகடிவ் ரெக்கார்டோட ஒப்பிடறதுதான் இப்ப என் ப்ராஜெக்ட். வேரியன்ட்டுக்கு வூஹான், எக்ஸ்பிபி.1.5, ஜேஎன்.1 மூணும் எடுக்கறேன், டபிள்யூஹெச்ஓ குழு 2023 மே-லயும் 2024 ஏப்ரல்லயும் வேக்சினுக்கு சொன்ன ஸ்ட்ரெயின் ரெண்டும் அதுதானே.

கடைசியா ஒன்னு, 6விஎக்ஸ்எக்ஸ் ஸ்ட்ரக்சர்ல (பிடிபி-ல இன்னொரு ஸ்பைக் என்ட்ரி) எபிடோப் இடத்த காட்டலாம்னு பைமால்ல (ப்ரோட்டீன் படம் பாக்கற சாஃப்ட்வேர்) திறந்தா 680 பக்கம் சங்கிலி அறுந்து புள்ளிக்கோடா தெரியுது. இதுவும் ஃபைல் பிரச்சனை இல்லதானே?

13. மணிமாறன்_லேப்

இல்லம்மா. அந்த லூப் ஆடிக்கிட்டே இருக்கும், க்ரையோ-ஈஎம்ல தெளிவா விழல, பாக்க முடியாத அணுவ அவங்க வைக்கல. மாடல் பண்ணி நிரப்பாத, படத்துல இடைவெளிய அப்படியே விட்டு கீழ ஒரு வரி எழுதிடு. ஹெச்எல்ஏ டேபிள் ரெடியானதும் இங்க போடு, நானும் ராஜாவும் பாக்கறோம்.